அலுவலக ரிட்ரீட்டுக்குப் பிந்தானா, ஜோகூரா? வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள் ஆனதும், குழுவாக வெளியூர் போய்த் தங்கி வரும் அலுவலக ரிட்ரீட் பற்றி அந்த மின்னஞ்சல் வரும். "டிபார்ட்மென்ட் ரிட்ரீட், இரண்டு பகல் ஓர் இரவு, பிந்தான்." கூடவே ஒரு பட்டியல்: பாஸ்போர்ட், நீச்சல் உடை, தொப்பி, சன்ஸ்கிரீன். அதை எழுதியவர் பெரும்பாலும் சிவப்புப் பாஸ்போர்ட்காரர், அதாவது சிங்கப்பூர்க் குடிமகன். அவருக்கு இந்தோனேசியத் தீவான பிந்தான், ஃபெரி ஏறினால் வந்துவிடும் ஒரு கடற்கரை. இந்தியப் பாஸ்போர்ட்டும் வேலை அனுமதியும் வைத்திருக்கும் நமக்கோ அது இரண்டு நாட்டுக் குடிநுழைவு, ஒரு விசா, சில இணையப் படிவங்கள். யாரும் வேண்டுமென்று மறைப்பதில்லை. தங்களுக்குத் தேவைப்படாதது அவர்களுக்குத் தோன்றுவதில்லை, அவ்வளவுதான்.

எங்கள் குழுவில் அதுதான் நடந்தது. கரை இறங்கியதும் உள்ளூர்ச் சகாக்கள் நேரே வெளியே போய் பஸ்ஸில் உட்கார்ந்துவிட்டார்கள். இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் மட்டும் விசாக் கட்டணம் கட்டும் வரிசையில் நின்றோம். மொத்தக் குழுவும் நமக்காகக் காத்திருக்கிறது என்று தெரிந்துகொண்டே வரிசையில் நிற்பது சுகமான அனுபவம் இல்லை. அது உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. இடம் எது என்று முதல் நாளே கேளுங்கள்

உள்ளூரிலேயே என்றால் கவலை இல்லை. செந்தோசாவுக்கு ஹார்பர்ஃபிரண்டிலிருந்து நடைபாதை வழியாக இலவசமாகவே போகலாம். செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயில் என்றால் 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). பாசிர் ரிஸ் பக்கம் தங்கும் விடுதி என்றால் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) போதும். புலாவ் உபின் என்றால் சாங்கி பாயின்ட் படகுத்துறையில் 12 பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும், ஆளுக்கு 4 வெள்ளி. சில்லறையாக ரொக்கம் வைத்திருங்கள்.

இந்தோனேசியாவின் பாத்தாம், பிந்தான், மலேசியாவின் ஜோகூர் பாரு, மலாக்கா என்று காதில் விழுந்தால் அன்றைக்கே வேலையை ஆரம்பியுங்கள். எந்தத் துறைமுகம், எந்தச் சோதனைச்சாவடி என்பதையும் கேட்டு வாங்குங்கள். "பாத்தாம்" என்றால் மட்டும் போதாது. பாத்தாம் சென்டர், செக்கூப்பாங், ஹார்பர் பே, நொங்சா என்று இறங்குமிடம் பல.

2. பாஸ்போர்ட்டும் வேலை அனுமதியும்

பாஸ்போர்ட் குறைந்தது இன்னும் 6 மாதம் செல்லுபடியாக வேண்டும். இந்தோனேசியா, மலேசியா இரண்டுக்கும் இதுதான் கணக்கு. முத்திரை குத்த வெற்றுப் பக்கம் இருக்கிறதா என்றும் புரட்டிப் பாருங்கள். அடிக்கடி ஜோகூர் போய்வருகிறவர்களின் பாஸ்போர்ட்டில் பக்கங்கள் சீக்கிரம் தீர்ந்துபோகும். 6 மாதத்துக்குக் குறைவு என்றால் ரிட்ரீட் தேதிக்குள் புதுப்பித்துவிடலாம் என்று நம்பி விசாவுக்குப் பணம் கட்டாதீர்கள். முதலில் பாஸ்போர்ட், அப்புறம்தான் மற்றது.

அடுத்தது வேலை அனுமதி. எம்ப்ளாய்மென்ட் பாஸ், எஸ் பாஸ், வொர்க் பெர்மிட் எதுவாக இருந்தாலும், செல்லுபடியாகும் பாஸ் இருந்தால்தான் தனி விசா இல்லாமல் சிங்கப்பூருக்குள் திரும்பி வர முடியும். புதிதாக வந்தவர்கள் மாட்டுவது இங்கேதான். உங்கள் கையில் இருப்பது வெறும் கொள்கை அளவிலான ஒப்புதல் கடிதம் என்றால், பாஸ் இன்னும் வழங்கப்படவில்லை என்று அர்த்தம். அந்தக் கடிதத்தோடு வரும் நுழைவு அனுமதி ஒரே முறைக்குத்தான். நீங்கள் முதலில் வந்து இறங்கியபோதே அது தீர்ந்துவிட்டது. அந்த நிலையில் எல்லை தாண்டாதீர்கள். பாஸ் வழங்கியாகிவிட்டது, அட்டை மட்டும் கைக்கு வரவில்லை என்றால், அறிவிப்புக் கடிதத்தோடு போய்வரலாமா என்று ஹெச்ஆரிடம் எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

பாஸ் புதுப்பிக்கும் மாதத்தில் ரிட்ரீட் வந்தாலும் இதே எச்சரிக்கைதான்.

இன்னொன்று, பெயர். அலுவலகப் பதிவேட்டில் "கார்த்திக் எஸ்" என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும், அல்லது குடும்பப்பெயர் கட்டமே காலியாக இருக்கும். ஃபெரி டிக்கெட் மொத்தமாகப் போடுகிறவர் அலுவலகப் பட்டியலைப் பார்த்துப் போடுவார். டிக்கெட் நகல் வந்ததும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரும் எண்ணும் இருக்கின்றனவா என்று எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள்.

பாஸ்போர்ட் நகல் கேட்டால் ஹெச்ஆர் மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் பார்க்கப் போட வேண்டாம். அசல் பாஸ்போர்ட்டை "பத்திரமாக வைத்திருக்கிறேன்" என்று யாராவது பயணம் முழுக்க வாங்கி வைத்துக்கொள்வதும் சரியில்லை.

3. பாத்தாம், பிந்தான்: விசா

இந்தியக் குடிமக்களுக்கு இந்தோனேசியா, வந்திறங்கியதும் விசா தருகிறது. கட்டணம் 500,000 ரூப்பியா, நம் கணக்கில் ஏறத்தாழ 40 வெள்ளி. 30 நாள் தங்கலாம்.  ஒரு முறை நுழைவதற்கு மட்டுமே செல்லும். அடுத்த மாதம் நண்பர்களோடு பாத்தாம் போனால் மறுபடி கட்ட வேண்டும்.

இதையே முன்கூட்டி இணையத்தில் எடுக்கலாம். என் பரிந்துரை அதுதான். பாஸ்போர்ட்டின் முதல் பக்கப் படம், உங்கள் புகைப்படம், கட்டணத்துக்கு ஒரு கடன் அட்டை போதும். வழங்கிய நாளிலிருந்து 90 நாளுக்குள் பயன்படுத்த வேண்டும். சீக்கிரம் வந்துவிடும் என்றாலும், ஒரு வாரம் முன்பாகவே முடித்துவிடுங்கள். புகைப்படம் மங்கல், அட்டை நிராகரிப்பு என்று ஏதாவது ஒன்று கடைசி நேரத்தில்தான் வரும்.

போலித் தளங்கள் ஏராளம். தேடினால் முதலில் வருவதே விளம்பரம்தான். அதிகாரபூர்வத் தளம் இந்தோனேசியக் குடிநுழைவுத் துறையுடையது. அதன் முகவரி "கோ டாட் ஐடி" என்று முடியும். "டாட் காம்" என்று முடிந்து இரண்டு மடங்கு கட்டணம் கேட்டால் மூடிவிடுங்கள்.

பயண நோக்கம் என்ற கட்டத்தில் "வேலை" என்று எழுதாதீர்கள். இந்த விசா சுற்றுலாவுக்கும் கூட்டங்களில் கலந்துகொள்வதற்கும் செல்லும். அங்கே வேலை செய்வதற்குச் செல்லாது. அதிகாரி கேட்டால் அலுவலகக் குழுவோடு விடுமுறைக்கு வந்தோம், நாளை திரும்புகிறோம் என்று உள்ளதைச் சொல்லித் திரும்பும் டிக்கெட்டைக் காட்டுங்கள். ரிட்ரீட்டில் பவர்பாயின்ட் ஓடப்போகிறது என்ற விளக்கமெல்லாம் தேவையில்லை.

விசா தவிர, "ஆல் இந்தோனேசியா" என்ற வருகைப் படிவம் ஒன்று உண்டு. சுங்கம், உடல்நலம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே படிவமாக 2025இல் கொண்டுவந்தார்கள். போய்ச் சேர்வதற்கு முந்தைய 3 நாளுக்குள் நிரப்ப வேண்டும். கட்டணம் கிடையாது. முடிவில் வரும் கியூஆர் குறியீட்டைத் திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள், அங்கே இறங்கியதும் இணையம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

குழுவில் சிங்கப்பூர் நிரந்தரவாசி யாராவது "எனக்கு விசா வேண்டியதில்லை, உனக்கும் வேண்டியிருக்காது" என்பார். நிரந்தரவாசிகளுக்குப் பாத்தாம், பிந்தான், கரிமுன் தீவுகளில் 4 நாள் வரை விசா விலக்கு உண்டு. அவர் இந்தியப் பாஸ்போர்ட்காரராகவே இருக்கலாம், ஆனால் சலுகை அவருடைய நிரந்தரவாசத்துக்கு. அதை நம்பி வேலை அனுமதிக்காரர்கள் கிளம்பிவிடாதீர்கள்.

4. ஜோகூர், மலாக்கா: விசா இல்லை, படிவம் உண்டு

மலேசியா நமக்கு எளிது. இந்தியக் குடிமக்கள் 2023 டிசம்பர் 1 முதல் விசா இல்லாமல் 30 நாள் வரை தங்கலாம். இந்தச் சலுகையை 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள். ஆனால் மலேசிய மின்னிலக்க வருகை அட்டையைப் பயணத்துக்கு முந்தைய 3 நாளுக்குள் நிரப்பியே ஆக வேண்டும். இலவசம். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு இது தேவையில்லை, அதனால்தான் ஹெச்ஆர் பட்டியலில் இருக்காது. மலேசியக் குடிநுழைவுத் துறையின் தள முகவரி "கவ் டாட் எம்ஒய்" என்று முடியும். பணம் கேட்கும் தளம் எதுவும் அது இல்லை.

பஸ்ஸில் போகும்போது இரண்டு முறை இறங்கி ஏற வேண்டும்: உட்லண்ட்ஸிலோ துவாஸிலோ சிங்கப்பூரை விட்டு வெளியேற ஒரு முறை, அந்தப் பக்கம் மலேசியாவுக்குள் நுழைய ஒரு முறை. இறங்குவதற்கு முன் பஸ்ஸின் எண்பலகையைப் படம் எடுங்கள். அங்கே ஒரே நிறத்தில் வரிசையாக நிற்கும் பஸ்களில் உங்களுடையது எது என்று தெரியாமல் அலைவது சர்வசாதாரணம். குழு ஒருங்கிணைப்பாளரின் எண்ணைக் கைப்பேசியில் சேமியுங்கள். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்காரர்கள் கடைசியாக வருவார்கள் என்று ஓட்டுநரிடம் அவரைக் கொண்டே முதலில் சொல்லச் செய்யுங்கள்.

நீண்ட வாரயிறுதி, பள்ளி விடுமுறை நாட்களில் உட்லண்ட்ஸில் மணிக்கணக்கில் நிற்க நேரிடும். தேதி முடிவாகும் முன்பே இதைச் சொல்ல வாய்ப்பு இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

5. திரும்பி வரவும் ஒரு படிவம்

இதை ஏறக்குறைய எல்லோருமே மறப்பார்கள். கடல் வழியாகவோ விமானத்திலோ சிங்கப்பூர் திரும்பினால் எஸ்ஜி வருகை அட்டையை நிரப்ப வேண்டும். இங்கேயே வசிக்கிறோமே, நாம் என்ன பயணியா என்று தோன்றும், ஆனாலும் வேண்டும். சிங்கப்பூர்க்காரர்களும் நிரப்புகிறார்கள். வந்துசேரும் நாளையும் சேர்த்து 3 நாளுக்குள் நிரப்பலாம். ஓர் இரவுப் பயணம் என்றால் கிளம்பும் முன்பே வீட்டிலிருந்து முடித்துவிட முடியும். குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்தின் தளத்திலோ மைஐசிஏ செயலியிலோ நிரப்பலாம். இதுவும் இலவசம், இதற்கும் பணம் பிடுங்கும் தளங்கள் உண்டு.

தரை வழியாக ஜோகூரிலிருந்து வரும் வேலை அனுமதிக்காரர்களுக்கு இந்த அட்டை தேவையில்லை.

6. ஹெச்ஆரிடம் கேட்க வேண்டியவை

இதைக் கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று புதியவர்கள் தயங்குகிறார்கள். கேட்டு வைப்பதுதான் நல்லது.

விசாச் செலவு யாருடையது? உள்ளூர்க்காரர்களுக்குச் செலவே இல்லாத இடத்தில் உங்களுக்கு மட்டும் 40 வெள்ளி போகிறது என்றால் நிறுவனம் ஏற்பதுதான் நியாயம். பல நிறுவனங்கள் ஏற்கின்றன, ஆனால் யாராவது கேட்ட பிறகுதான். பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள்.

சனி, ஞாயிறு என்றால் ஈட்டு விடுப்பு (அதற்குப் பதிலாக வேறு நாள் விடுப்பு) உண்டா? வேலை நியமனச் சட்டத்தின் ஓய்வுநாள் விதிகள், உடலுழைப்புத் தொழிலாளர் என்றால் மாதம் 4,500 வெள்ளி வரையும், மற்ற ஊழியர் என்றால் 2,600 வெள்ளி வரையும் அடிப்படைச் சம்பளம் வாங்குபவர்களுக்குத்தான். அதற்கு மேல் வாங்குபவர்களுக்கு ஒப்பந்தத்தில் உள்ளதே கணக்கு. ஒப்பந்தத்தை எடுத்துப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

காப்புறுதி? வொர்க் பெர்மிட், எஸ் பாஸ் ஊழியர்களுக்கு முதலாளி ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு மருத்துவக் காப்புறுதி எடுத்திருப்பார். அது பிந்தான் கடற்கரையில் கால் முறிந்தால் செல்லுமா என்பது வேறு கேள்வி. குழுப் பயணக் காப்புறுதி எடுத்திருக்கிறார்களா, அதில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இரண்டு நாளுக்குச் சொந்தமாக எடுப்பது பெரிய செலவு அல்ல.

அறை யாரோடு? பெரும்பாலும் இருவருக்கு ஓர் அறை. குறட்டை, அதிகாலைப் பூசை, இரவு வெகுநேரம் ஊருக்குப் பேசும் பழக்கம், இதில் எது உங்களிடம் இருந்தாலும் பட்டியல் முடிவாகும் முன் சொல்லிவிடுங்கள்.

7. சாப்பாட்டுப் படிவத்தில் ஒரு சொல் போதாது

"சைவம்" என்ற கட்டத்தை மட்டும் குறித்துவிட்டுப் போனால் தட்டில் முட்டை வரும், சிப்பிச் சாறு ஊற்றிய கீரை வரும். பாத்தாம், பிந்தான், ஜோகூர் எங்கும் காய்கறிப் பிரட்டலில் இறால் விழுது சேர்ப்பது வழக்கம். இந்தோனேசியாவில் தெராசி, மலேசியாவில் பெலாச்சான் என்பார்கள். சமைப்பவர் கணக்கில் அது மசாலா, மாமிசம் அல்ல. அதனால் குறிப்புப் பகுதியில் விரித்து எழுதுங்கள்: முட்டை இல்லை, மீன் சாறு இல்லை, சிப்பிச் சாறு இல்லை, இறால் விழுது இல்லை. வெங்காயம், பூண்டு வேண்டும் என்றால் அதையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் பௌத்த சைவம் என்று நினைத்து இரண்டும் இல்லாத சமையல் வரலாம்.

மலாயில் "தன்பா" என்றால் "இல்லாமல்". தன்பா தெராசி, தன்பா தெலூர் (முட்டை), தன்பா இக்கான் (மீன்) என்று பரிமாறுபவரிடம் சொன்னால் காரியம் நடக்கும். ஜோகூரிலும் மலாக்காவிலும் நம் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. பிந்தான் ரிசார்ட்டில் வெளியே போய்ச் சாப்பிட வழி குறைவு. தேக்காவில் (லிட்டில் இந்தியா) முறுக்கு ஒரு பொட்டலம் வாங்கிப் பையில் போடுங்கள், சகாக்களே காலி செய்துவிடுவார்கள்.

8. கிளம்பும் நாள்

பாத்தாம் ஃபெரி ஹார்பர்ஃபிரண்டிலிருந்தும் போகும், தானா மேராவிலிருந்தும் போகும். பிந்தான் ரிசார்ட் பகுதிக்குத் தானா மேராதான். தானா மேரா ஃபெரி முனையம் தானா மேரா எம்ஆர்டி நிலையத்துக்குப் பக்கத்தில் இல்லை. நிலையத்திலிருந்து 35ஆம் எண் பஸ்ஸோ டாக்சியோ பிடிக்க வேண்டும். மரினா பே கப்பல் முனையம் என்பது வேறு, அங்கே போய் நிற்காதீர்கள். புறப்படும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பாவது முனையத்தில் இருங்கள்.

நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்றுக் காலம். பிந்தான் போகும் வழியில் அலை தூக்கிப் போடும். குமட்டல் வரும் ஆளென்றால் மாத்திரையை ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொண்டு, படகின் பின்பாதியில் உட்காருங்கள்.

அப்புறம் நேரம். பாத்தாமும் பிந்தானும் சிங்கப்பூரை விட ஒரு மணி நேரம் பின்தங்கியவை. திரும்பும் ஃபெரி டிக்கெட்டில் இருப்பது இந்தோனேசிய நேரம். மாலை 4 மணி ஃபெரி என்றால் சிங்கப்பூரில் அப்போது 5. கைப்பேசி தானாக மாற்றும் என்றாலும், கடலோர ரிசார்ட்டுகளில் அது சிங்கப்பூர்க் கோபுரத்தைப் பிடித்துச் சிங்கப்பூர் நேரத்தையே காட்டலாம். அலாரம் வைக்கும் முன் வரவேற்பறைக் கடிகாரத்தைப் பாருங்கள். மலேசியாவில் இந்தத் தொல்லை இல்லை. மின்செருகியும் அங்கே நம்முடையதேதான். இந்தோனேசியாவுக்கு மட்டும் இரண்டு உருண்டை முனை மாற்றி வேண்டும்.

9. அங்கே போனதும்

இதைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. மது அருந்தாதவர் கையில் ஒரு சோடாவோடு நின்றால் யாரும் வற்புறுத்துவதில்லை. நீச்சல் தெரியாது என்றால் படகு விளையாட்டுக்கு முன்பே சொல்லுங்கள், உயிர்காப்புச் சட்டை போட்ட பிறகு அல்ல. கலந்துரையாடலில் மேலாளர் "மனம்திறந்து பேசுங்கள்" என்பார். வேலை முறையைப் பற்றித் திறந்து பேசலாம். சம்பளத்தையும் சக ஊழியரின் குறையையும் அங்கே அவிழ்க்க வேண்டாம். இரவுப் பாட்டு நிகழ்ச்சியில் உங்களை ஒரு தமிழ்ப் பாட்டுக்கு இழுப்பார்கள். ஒன்றைத் தயாராக வைத்திருங்கள்.

10. திரும்பும்போது சுங்கம்

சிங்கப்பூர்க்காரர்கள் 48 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தால் 500 வெள்ளி வரை, அதற்குக் குறைவென்றால் 100 வெள்ளி வரை வாங்கி வரும் பொருளுக்குப் பொருள் சேவை வரி கட்ட வேண்டியதில்லை. இந்தச் சலுகை வேலை அனுமதி வைத்திருப்பவர்களுக்குக் கிடையாது. சகாவும் நீங்களும் ஒரே கடையில் ஒரே விலைக்குக் கைப்பை வாங்கினாலும் அவருக்கு வரி இல்லை, உங்களுக்கு 9 விழுக்காடு உண்டு. சுங்கத் துறையின் செயலியில் முன்பே அறிவித்துக் கட்டிவிடலாம்.

மதுவுக்கான தீர்வை விலக்கு 48 மணி நேரமாவது வெளியே இருந்தவர்களுக்குத்தான், அதுவும் மலேசியாவிலிருந்து வந்தால் கிடையாது. சிகரெட்டுக்கு எவருக்குமே விலக்கு இல்லை. ஒரு பெட்டியாக இருந்தாலும் அறிவித்துத் தீர்வை கட்டுங்கள்.

மின்சிகரெட் விஷயத்தில் விளையாடவே கூடாது. எல்லைக்கு அந்தப் பக்கம் கிடைக்கிறதே என்று யாராவது வாங்குவார், "உன் பையில் வைத்திரு" என்பார். வைக்காதீர்கள். 2025 செப்டம்பர் 1 முதல் தண்டனையைக் கடுமையாக்கியிருக்கிறார்கள். பெரியவர்களுக்கு முதல் முறைக்கே 700 வெள்ளி அபராதம். வெளிநாட்டவர் மறுபடி சிக்கினால் வேலை அனுமதியே போய்விடும். சகாவின் பை எதையும் சுமந்துகொண்டு சுங்கத்தைக் கடக்காதீர்கள், அவர் உங்கள் மேலதிகாரியாக இருந்தாலும்.

11. பணத்தைத் திரும்ப வாங்குவது

விசா ரசீது, முனையத்துக்குப் போன டாக்சி ரசீது இரண்டையும் அன்றைக்கே படம் எடுத்து வையுங்கள். ரூப்பியாவில் கட்டியிருந்தால் வங்கி அறிக்கையில் வெள்ளிக் கணக்கு வரும் வரை காத்திருந்து, அந்தப் பக்கத்தையும் சேர்த்து விண்ணப்பியுங்கள். ரூப்பியா ரசீதை மட்டும் கொடுத்தால் கணக்குப் பிரிவு திருப்பி அனுப்பும். பல இடங்களில் அந்த மாதச் செலவை அந்த மாதமே கேட்க வேண்டும். ரிட்ரீட் மாதக் கடைசியில் வந்தால் உங்கள் அலுவலகத்தின் கடைசித் தேதியைக் கிளம்பும் முன்பே கேட்டு வையுங்கள்.